பொட்டுக்காரிகள் விழிக்கும் நேரம்

அன்புள்ள வண்டுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, போதுமான அளவு தூங்கி, அந்த நுண்ணோக்கியிலிருந்து அவ்வப்போது கண்ணை எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பி, சௌக்கியமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவைத் திறந்திருக்கிறேன். இருபத்திரண்டு வயதுப் பெண்ணை இன்னும் வண்டு என்று கூப்பிடுவதா என்று நீ உதட்டைச் சுழிப்பது தெரிகிறது, பால் குடிக்கும்போது ரீங்காரம் போட்டது நீதானே, அதற்கு நாங்கள் என்ன செய்வது. இதையெல்லாம் ஃபோனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். ஃபோனில் எனக்குப் பொய்தான் சரளமாக வருகிறது, உண்மை சொல்ல வேண்டுமென்றால் கையில் தாள் வேண்டும். போன இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் நீ கேட்டபோது கணக்கெடுப்பு நல்லபடியாகப் போகிறது என்று சொன்னேன் அல்லவா, அது பொய். கோபப்படாமல் முழுக்கப் படி, கடைசியில் உனக்குச் சிரிக்க நிறைய இருக்கிறது.

நீ ஊரை விட்டுப் போன மறுவாரம் நகராட்சிப் பூங்காப் பிரிவிலிருந்து பதில் வந்ததும், நான் அதை உனக்குப் படித்துக் காட்டியதும் நினைவிருக்கும். இரண்டு வருடத்தில் நீ நான்கு கடிதம் எழுதியதற்கு அதுதான் முதல் பதில். கடலோரப் பாறைமேட்டுப் பாதையில், மரப் பெஞ்சுக்கும் இரும்புவேலிக்கும் நடுவில் இருக்கிற சரிவில் புல்லை வெட்டாமல் விட வேண்டுமென்றால் அங்கே உன் பொட்டுக்காரிப் பூச்சி இருப்பதற்குக் கணக்கு வேண்டும், சரிவை எண்ணிக்கொண்டே கடப்பது ஒரு நடை, அப்படிக் குறைந்தது பத்து நடை, நடைக்குச் சராசரி முப்பது பூச்சி, பதினேழாம் தேதிக்குள் வந்து சேர வேண்டும், இல்லையென்றால் வழக்கம்போல் பதினெட்டாம் தேதி மெஷின் இறங்கும் என்று எழுதியிருந்தார்கள். நீ அப்போது சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. “விடும்மா, அவங்க என்ன சொன்னாலும் வெட்டத்தான் போறாங்க, என் லெட்டரெல்லாம் குப்பையிலதான் போயிருக்கும், இனிமே அந்த ஆபீசுக்கு ஒரு வரி எழுத மாட்டேன்” என்றாய். அப்படிச் சொன்ன குரலை நான் உன்னிடம் அதற்கு முன் கேட்டதில்லை. பரீட்சையில் மார்க் குறைந்தபோதுகூட நீ அப்படிப் பேசியதில்லை. ஆனாலும் நான் விடாமல் கேட்டதற்காக எப்படி நடக்க வேண்டும், எப்படி எண்ண வேண்டும் என்று ஒரு தாளில் எழுதித் தபாலில் அனுப்பினாய். அந்தத் தாளில்தான் வினை ஆரம்பித்தது.

நூலகத்தில் என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும், கிழிந்ததை ஒட்டுவது, தளர்ந்ததைத் தைப்பது, அட்டை போடுவது. கடல் காற்றில் தாள் நமுத்துப் போகுமே என்று உன் தாளைக் கையோடு கொண்டுபோய், கனமான அட்டையில் பசை தடவி ஒட்டி, மேலே கண்ணாடித்தாள் போட்டு, மூலைக்குத் துணி வைத்து, கழுத்தில் மாட்டிக்கொள்ள நாடாவும் கட்டினேன். பார்க்கிறவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். பின்பக்கத்தில் ஏதோ எழுதியிருந்ததைப் பார்க்காமல் இல்லை. ஆனால் நீ எப்போதும் பழைய தாளின் மறுபக்கத்தில்தானே எழுதுவாய், அது ஏதோ கல்லூரிக் குறிப்பு என்று நினைத்து, அந்தப் பக்கத்துக்கே நன்றாகப் பசையைத் தடவிவிட்டேன். என் பசையைப் பற்றியும் உனக்குத் தெரியும், ஒட்டினால் ஒட்டினதுதான்.

ஆக, எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் முன்பக்கம்தான். ஒரே சீராக மெதுவாக நடக்க வேண்டும், நம்மைச் சுற்றி ஒரு பெரிய கண்ணுக்குத் தெரியாத பெட்டி இருப்பதாக நினைத்துக்கொண்டு அதற்குள் வருவதை மட்டும் எண்ண வேண்டும், பின்னால் திரும்பிப் பார்த்து எண்ணக் கூடாது. அப்பாவுக்கு இது தேன் குடித்த மாதிரி. கடிகாரம் பழுது பார்க்கிற மனிதரிடம் ஒரே சீராக நட என்று சொன்னால் கேட்கவா வேண்டும். கடை திறப்பதற்கு முன் போய்விட்டு வந்துவிடலாம் என்று காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். மாடியிலிருந்து உன் அத்தை எட்டிப் பார்த்து, “என்னடா தம்பி, காலங்கார்த்தால ரெண்டு பேரும் ஜோடி போட்டுக் கிளம்பிட்டீங்க? ஓடிப்போறதா இருந்தா கல்யாணத்துக்கு முன்னாடி ஓடியிருக்கணும்” என்றார். பனிமூட்டத்தில் பெஞ்சிலிருந்து வேலி வரை நடந்தோம். நத்தை நாற்பத்தொன்று, சிலந்தி வலை எண்ண முடியவில்லை, பொட்டுக்காரி பூஜ்யம். மறுநாளும் பூஜ்யம். நான்காவது நடையில் ஒரே ஒரு பொட்டுக்காரி புல்தண்டில் அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தது, கரும்பச்சை இறக்கை, அதில் இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு சிவப்புப் பொட்டு. அப்பா கடையில் உபயோகிக்கிற பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் மண்டிபோட்டுப் பார்த்துவிட்டு, “செத்ததைக் கணக்குல சேக்கலாமான்னு பொண்ணு எழுதியிருக்காளா பாரு” என்றார். எழுதவில்லை. உயிரோடு இருப்பதாக வைத்துக்கொண்டு ஒன்று என்று குறித்தோம். ஏழு நடை முடிந்தபோது மொத்தக் கணக்கு அந்த ஒன்றுதான். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நீ மறுபடி ஃபோன் செய்தாய். அப்பா பக்கத்தில் நின்று சொல்லாதே சொல்லாதே என்று கையை ஆட்டினார். உன் பூச்சிகள் எல்லாம் போன வருட வெட்டிலேயே அழிந்துவிட்டன என்றுதான் நாங்கள் இருவரும் முடிவு கட்டியிருந்தோம். அதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

பதின்மூன்றாம் தேதி காலையில் பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்து மெஷினின் பிளேடைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். புல்வெட்டுகிறவர், நீ தூரத்திலிருந்தே முறைப்பாயே, அதே ஆள். கிட்டப் போனால் மிகவும் சாதுவான மனிதர், பதினெட்டாம் தேதிக்காகச் சரிவில் எங்கே கல் கிடக்கிறது என்று முன்கூட்டியே பார்க்க வந்திருந்தாராம். நீங்கள் என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். அப்பாவுக்கு அவரிடம் பேசவே பிடிக்கவில்லை, நான்தான் சொன்னேன், இப்படி இப்படி ஒரு பூச்சி, அது இந்தச் சரிவில் இல்லாமல் போய்விட்டது என்று. அவர் பிளேடைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “அக்கா, இந்த நேரத்துல அதுங்க எழுந்திருக்கவே எழுந்திருக்காதே. இருக்கறதுலயே பெரிய சோம்பேறி அதுங்கதான். வெயில் ஏறி புல்லு காஞ்ச பிறகு பதினொரு மணிக்கு மேல வாங்க, நான் மெஷின் ஓட்டுறப்ப மூஞ்சியில வந்து மோதும், சட்டையில உக்காந்து வீடு வரைக்கும் வரும், என் வீட்டுக்காரி கத்துவா” என்றார். அப்பா அவரிடம் கடுமையாக, அப்படியானால் ஏன் வெட்டுகிறீர்கள் என்று கேட்டுவிட்டார். “எனக்கும் கஷ்டமாத்தான் சார் இருக்கு, தேதி போட்டுப் பேப்பர் குடுக்கறாங்க, நான் என்ன பண்ணட்டும்? வேணாம்னு ஒரு பேப்பர் குடுத்தா நான் மெஷினைத் தூக்கிட்டுப் போயிடுவேன்” என்றார் அவர்.

வீட்டுக்கு வந்ததும் எனக்குச் சந்தேகம் தட்டியது. கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அந்த ஆவியில் உன் அட்டையைக் காட்டி, தாள் மடிக்கிற எலும்புக் கத்தியால் நூல் நூலாகத் தாளை உரித்தேன். ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று, என் பசையை நானே திட்டியது இதுதான் முதல் தடவை. மை கலைந்திருந்தாலும் உன் கையெழுத்து தெரிந்தது. பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள் போ, வெயில் இருக்க வேண்டும், காற்று அடங்கியிருக்க வேண்டும், விடியற்காலையில் போகவே போகாதே என்று இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தாய். ஊரில் இருக்கிற புத்தகத்தையெல்லாம் தேடிப் படிக்கிறவள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு, சொந்த மகள் எழுதிய ஒரு தாளில் பாதியைப் படிக்காமல் விட்டிருக்கிறேன். அப்பா அதைப் படித்துவிட்டு நேரே கடைக்குப் போய், பதினொன்றிலிருந்து ஒன்று வரை கடை இல்லை என்று எழுதிக் கதவில் மாட்டிவிட்டு வந்தார். இருபது வருடத்தில் அந்தக் கதவில் அப்படி ஒரு அறிவிப்பு தொங்கியதில்லை. எனக்கு நூலகத்தில் அரை நாள் விடுப்பு கிடைத்தது, காரணம் என்ன என்று கேட்டதற்குக் குடும்ப விஷயம் என்று சொன்னேன், அது பொய்யில்லை.

பதினான்காம் தேதி நண்பகலில் அந்தச் சரிவில் காலெடுத்து வைத்தபோது நான் பார்த்ததை உனக்கு எப்படி எழுதுவேன், நீ எத்தனையோ தடவை பார்த்தவள், நான்தான் எதிர்வீட்டில் நடக்கிற கல்யாணத்தைப் போல இத்தனை வருடம் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். காலையில் ஈரமும் நத்தையுமாக இருந்த அதே புல் சூட்டில் மொரமொரவென்று நின்றது, ஒவ்வொரு அடிக்கும் வெட்டுக்கிளிகள் பொரி மாதிரி தெறித்தன. ஊதாப்பூ ஒவ்வொன்றிலும் பொட்டுக்காரி, ஒரே பூவில் மூன்று நான்கு, இடம் போதாமல் ஒன்றை ஒன்று முதுகால் தள்ளிக்கொண்டு தேன் குடிக்கின்றன. பறக்கும்போது இறக்கையின் உள்பக்கத்துச் சிவப்பு தெரிகிறதே, அதை நீ ஏன் எனக்கு முன்பே சொல்லவில்லை, இல்லை சொல்லியிருப்பாய், நான் சமையலைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். சட்டை பட்டனளவு நீல வண்ணத்துப்பூச்சிகள், பின்பக்கம் மஞ்சள் மாவில் விழுந்து எழுந்த மாதிரி தேனீக்கள், வேலியடிக் கல்லில் ஒரு ஓணான் எங்களைப் பார்த்துத் தண்டால் எடுத்தது. பாறைக்கு வெளியே கடலுக்கு மேலே ஒரு வல்லூறு, எங்கள் கண்மட்டத்தில், கயிறு கட்டித் தொங்கவிட்டது போல ஒரே இடத்தில் நின்றது. அப்பா வலப்பக்கம் எண்ண, நான் இடப்பக்கம் எண்ணினேன், எண்ணுகிற அவசரத்தில் எனக்கு ஏனோ கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதில் இரண்டு மூன்று விட்டுப்போயிருக்கும். எண்பத்தாறு, வண்டு. முதல் நடையிலேயே எண்பத்தாறு.

மறுநாள் பன்னிரண்டு மணி வரை மேகம், நானும் அப்பாவும் பெஞ்சில் உட்கார்ந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம், அப்புறம் வெயில் வந்து நூற்றுப் பன்னிரண்டு. அதற்கடுத்த நாள் அத்தையும் வருவேன் என்று ஊதா நிறக் குடையோடு கிளம்பினார். அந்தக் குடையைப் பெரிய பூ என்று நினைத்து ஐந்தாறு பொட்டுக்காரிகள் வந்து உட்கார்ந்துகொண்டன, அவை பெட்டிக்குள்தான் இருக்கின்றன, கணக்கில் உண்டு என்று அப்பா தீர்ப்பு சொன்னார். அத்தை அதோ இன்னொன்று, அதோ இன்னொன்று என்று கத்திக்கொண்டே வந்தார். அது முன்பே எண்ணியதுதான் என்று அப்பா சொல்ல, “உனக்கு எப்படிடா தெரியும், அது உன்கிட்ட பேர் சொல்லிட்டுப் போச்சா?” என்று கேட்டார். அன்று தொண்ணூற்றேழு. பத்து நடையும் முடிந்தது. பெஞ்சிலேயே உட்கார்ந்து கூட்டிப் பார்த்தோம், எல்லாம் சேர்ந்து இருநூற்றுத் தொண்ணூற்றாறு, பத்தால் வகுத்தால் இருபத்தொன்பது புள்ளி ஆறு. முப்பதுக்கு அரைகூடக் குறையவில்லை. அந்த ஏழு நாள் என்னுடைய பசையால் வந்த ஏழு நாள். முப்பது என்றே போட்டுவிடலாம், பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள் என்றேன். அப்பா உன் அப்பாதானே, “அரை நிமிஷம் பின்னால ஓடற கடிகாரத்தைச் சரியா ஓடுதுன்னு நான் யார்கிட்டயாவது குடுத்திருக்கேனா?” என்றார். அந்த ஏழு நாளை விட்டுவிட்டு மூன்றை மட்டும் கொடுக்கலாமா என்றால் பத்து நடை இல்லை. அத்தை எங்கள் இருவரையும் பார்த்து, இப்படி ஒரு ஜோடியை எங்கே தேடிப் பிடித்தார்களோ என்று தலையில் அடித்துக்கொண்டார்.

கடைசியில் எல்லா நடையையும் நேரத்தோடு அப்படியே எழுதி, குறிப்பு என்ற இடத்தில், முதல் ஏழு நாள் பூச்சிகள் தூங்கும் நேரத்தில் போனோம், விதிமுறைத் தாளின் பின்பக்கத்தை நான் ஒட்டிவிட்டேன், தவறு என்னுடையது, பூச்சிகளுடையது அல்ல என்று எழுதினேன். நான் யாரிடமும் என் தவறை இப்படி எழுதிக் கொடுத்ததில்லை, உனக்கே தெரியும். அலுவலகம் நான்கு மணிக்கு மூடிவிடும், மூன்றரைக்கு ஓடினேன். பூங்காப் பிரிவு அதிகாரி ஒரு அம்மா, கண்ணாடி போட்டவர், சிரிக்கிற முகமாகத் தெரியவில்லை. நின்றபடி படிக்க ஆரம்பித்தவர் குறிப்புக்கு வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். சிரிப்பில் தோள் குலுங்கியது. அப்புறம் அலமாரியைத் திறந்து ஒரு கோப்பை எடுத்து என் முன்னால் விரித்தார். வண்டு, உன் நான்கு கடிதமும் அதில் இருந்தன. துளை போட்டு, தேதி வரிசைப்படி, ஒரு மூலைகூட மடங்காமல். “உங்க பொண்ணு நாலாவது கடிதத்துல என்னை உணர்ச்சியே இல்லாத புல்வெட்டி மெஷின்னு எழுதியிருக்கு. பெரியவங்ககிட்ட ரெண்டு வருஷமா கேட்டு, கணக்கு வந்தா பாக்கலாம்னு ஒரு வரி வாங்கறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு” என்றார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை, அவள் கொஞ்சம் வேகமாக எழுதுவாள் என்று மட்டும் சொன்னேன். இருபத்தொன்பது புள்ளி ஆறை முப்பது என்று என்னால் எழுத முடியாது என்றார். பிறகு தாங்கள் அனுப்பிய பதில் கடிதத்தையே மறுபடி படித்து, “குறைந்தது பத்துன்னுதான் இருக்கு. பதினொண்ணு கூடாதுன்னு இல்லையே. நாளைக்குத்தான் கடைசி நாள், நானே வர்றேன், எத்தனை மணிக்கு எழுந்திருப்பாங்க உங்க ஆளுங்க?” என்று கேட்டார்.

பதினேழாம் தேதி அந்த அம்மா ஆபீஸ் செருப்போடு வந்து பாதி வழியில் கையில் கழற்றிக்கொண்டார். நல்ல வெயில், இலை அசையாத அமைதி. ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் அப்பா, நடுவில் நான் பென்சிலோடு. முதலில் ஆபீசில் பேசுகிற குரலில் எண்ணிக்கொண்டு வந்தார், நாற்பதைத் தாண்டியதும் குரல் மாறிவிட்டது, அதோ, ஐயோ அதோ என்று சின்னப் பெண் மாதிரி கூவினார், ஒரு பொட்டுக்காரி அவர் வைத்திருந்த கோப்பின் மேலேயே வந்து உட்கார்ந்துகொண்டதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். ஒரே சீராக நடக்க வேண்டும் மேடம் என்று அப்பா அவரையும் விடவில்லை. நூற்று நாற்பது. பதினோரு நடைக்குச் சராசரி முப்பத்தொன்பதரைக்கும் மேலே. அந்த அம்மா பெஞ்சில் உட்கார்ந்து, அப்பா கூட்டியதைத் தானும் இரண்டு தடவை கூட்டிப் பார்த்து, புல் வெட்ட வேண்டாம் என்ற ஆணையில் அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை நானும் அப்பாவும் அத்தையும் போய் நின்றோம். புல்வெட்டுகிறவர் பாதையின் தொடக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டே வந்தார், அந்தச் சத்தம் நெருங்க நெருங்க, கையில் இருந்த ஆணையை நான் மறுபடி மறுபடி பிரித்துப் பார்த்தேன். பெஞ்சுக்கு வந்ததும் மெஷினை அணைத்தார். பையிலிருந்து அந்தப் பேப்பரை எடுத்து எங்களுக்கு ஆட்டிக் காட்டினார். பிறகு முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, பாதையோடு பாதையாக, ஒரு புல்லும் மிதிபடாமல் வேலி வரை தள்ளிக்கொண்டு போய், அந்தப் பக்கத்தில் மறுபடி ஓட ஆரம்பித்தார். நடுவில் அந்த இரண்டு மூன்று நிமிடம், கீழே அலையும் வெட்டுக்கிளிகளும் மட்டும்.

ஆணையை இதோடு வைத்திருக்கிறேன். கோடை முடியும் வரை அந்தச் சரிவில் புல் வெட்டக் கூடாது, இந்த வருடம் மட்டுமல்ல, ஒவ்வொரு வருடமும். பார்வை என்று போட்டு உன் நான்கு கடிதங்களின் தேதியும் வரிசையாக இருக்கிறது, மேலே முகவரியில் இருப்பது உன் பெயர்தான், நாங்கள் வெறும் கணக்கெடுத்தவர்கள். உனக்கு வந்த கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டோம், மன்னித்துக்கொள், ஆசை பொறுக்கவில்லை. நீ சொன்னது சரி, இரண்டு வருடமும் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாய், உன் பேச்சை யாரும் காதில் வாங்கவில்லை என்று மட்டும் இனி நினைக்காதே. உடம்பைப் பார்த்துக்கொள், வெயில் நாளில் மதியச் சாப்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கட்டிடத்துக்கு வெளியே போய் நில், அங்கேயும் ஏதாவது புல் இருக்கும். அறையில் உன்னோடு இருக்கிற பெண்ணைக் கேட்டதாகச் சொல். எல்லா நன்மையும் உன்னைத் தேடி வரட்டும், நீ எடுத்த காரியமெல்லாம் இப்படியே ஒரு நாள் கைகூடட்டும் என்று நானும் அப்பாவும் அத்தையும் மனதார வாழ்த்துகிறோம்.

மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அந்த அதிகாரி அம்மாவுக்கு உன் கையால் இரண்டு வரி எழுது. அந்தக் கோப்பில் நீ கோபமாக எழுதியவை நான்கு இருக்கின்றன, ஐந்தாவது வேறு மாதிரி இருக்கட்டும்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா